கொரிய மாணவர் உணவில் சுண்ணாம்புச் சத்து

தென் கொரியப் பள்ளிகளில் நண்பகல் உணவு நன்கு திட்டமிட்டு வழங்கப்படுகிறது. சோறு, சூப், கிம்ச்சி எனப்படும் புளித்த முட்டைக்கோசு, மீன் அல்லது இறைச்சி, காய்கறி ஆகியவை அதில் இடம்பெறும். உணவியல் பயின்றோர் இவற்றின் அளவை வகுக்கின்றனர். எனினும், குமரப் பருவத்தினர் உட்கொள்ளும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தேவைக்குக் குறைவாகவே உள்ளது என்பதை 1998 முதல் நடைபெற்றுவரும் தேசிய உடல்நல, போஷாக்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

இதற்குக் காரணம் யாது? நண்பகலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேளைகளை நோக்கின் விளங்கும். மாணவர் பலர் காலையில் உண்பதில்லை. மாலையில் தனிப்பயிற்சி வகுப்புகளுக்குச் செல்வோர் பலர், ரமியோன் எனும் உடனடி நூடுல்ஸால் பசியாறுகின்றனர். அதன் ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 1,500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. மிகுதியான சோடியம், சிறுநீர் வழியே கால்சியம் வெளியேறுவதையும் மிகுவிக்கும்.

2020-ஆம் ஆண்டில் கொரியாவில் வகுக்கப்பட்ட அளவுகளின்படி, 12 முதல் 14 வயதுவரையுள்ள சிறுவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், சிறுமியருக்கு 900 மில்லிகிராமும் கால்சியம் வேண்டும். எலும்பு விரைந்து உறுதிபெறுவது இப்பருவத்திலேயாம். இப்போது நேரும் குறையைப் பிற்காலத்தில் முழுதும் ஈடுசெய்தல் அரிது.

பரிகாரம் கடினமன்று. பால் செரிக்காதோர்க்கும் முள்ளோடு உண்ணும் நெத்திலி, டோஃபு எனும் சோயாப்பால் கட்டி, கடற்பாசி ஆகியவை உள்ளன. இவை கொரியச் சமையலுக்குப் புதியன அல்ல. ஒரு வேளை நல்லுணவு ஏனைய வேளைகளின் குறையை நிரப்பாது என்பதே இதனால் அறியத்தக்கது.