மூவுருளி வண்டி: பழையதோ, புதியதோ?

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராய்ப் பதினோராண்டு உழைத்தவர் எம் தாய்மாமன். ஒப்பந்தம் முடிந்து வேலை நீங்கியபொழுது அவர் கையில் எஞ்சியது ஒன்றரை இலக்கம் ரூபாய். அதனைக்கொண்டு, மக்கள் லோடு ஆட்டோ என வழங்கும் மூவுருளிச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கிக் கவரைப்பேட்டைக்கும் சிப்காட்டுக்கும் இடையே சரக்கேற்றிப் பிழைக்கலாம் என அவர் எண்ணினார். பழைய வண்டியைக் கைப்பொருளால் வாங்குவதா, கடன்பட்டுப் புதியது வாங்குவதா என்பதே வினா. அவர்தம் மகள் வரும் ஆண்டிற் கல்லூரி புகவேண்டியவள். அவளுக்குரிய கட்டணமும் இவ்வண்டியிலிருந்தே வருதல் வேண்டும். "மாப்பிள்ளை, நீ படிக்கிற பிள்ளை, நீயே கணக்குப் பார்த்துச் சொல்" என்று அவர் எம்மை அழைத்தார். சென்ற கோடை விடுமுறையில் யாம் பார்த்த கணக்கும், அதனால் அறிந்தனவும் ஈண்டுக் கூறப்படும். எம்மோடு பயில்வார் பலருடைய இல்லங்களிலும் இவ்வினா எழுதல் கூடும் ஆதலின், இதனை எழுதத் துணிந்தோம்.

வண்டியின் வரலாறு

மோட்டார் வண்டி உலகிற்றோன்றியபொழுதே மூன்று உருளைகளோடுதான் தோன்றியது. 1886-ஆம் ஆண்டு செருமனி நாட்டுக் கார்ல் பென்சு என்பார் காப்புரிமை பெற்ற வண்டிக்கு உருளைகள் மூன்றே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1948-இல், இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்தார் 'ஆபே' என்னும் சரக்கு வண்டியை வெளியிட்டனர். அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்குத் தேனீ என்பது பொருள். நான்குருளி வண்டி வாங்கப் பொருளில்லாத சிறு வணிகர்க்கென்றே அஃது அமைக்கப்பட்டது. நம் நாட்டுச் சாலைகளில் இன்று ஓடும் மூவுருளிகள் பலவும் அதன் வழிவந்தனவே.

'ரிக்‌ஷா' என்னுஞ் சொல், மனித வலிமையால் ஓடும் வண்டி எனப் பொருள்படும் சப்பானியத் தொடரின் சிதைவு. தமிழ்நாட்டில் மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா 1973-இல் ஒழிக்கப்பட்டது. மனித வலிமையைக் குறிக்கும் சொல் மோட்டார் வண்டிக்குப் பெயராய் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டியின் பின்னே ஒரு மனிதனுடைய உழைப்பு முழுவதும் நிற்கின்றது என்பதை மறத்தலாகாது.

பழைய வண்டியை நோக்கல்

மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரில் ஏழாண்டு ஓடிய வண்டியொன்று விலைக்கு வந்தது. கேட்ட விலை 1,20,000 ரூபாய். கும்மிடிப்பூண்டியிற் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு அதனைக் காணச் சென்றோம். அவர் சோதித்த முறை இது.

முதலாவது, அவர் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தார். வாங்குவோர் வருமுன்னரே எஞ்சின் சூடாக்கப்பட்டிருப்பின், குளிர்ந்த நிலையில் அது கிளம்ப மறுக்கும் குறையை விற்போன் மறைத்திருத்தல் கூடும். இரண்டாவது, புகையின் நிறத்தை நோக்கினார். நீலப் புகை எண்ணெய் எரிதலையும், கரும்புகை எரிபொருள் முற்றும் எரியாமையையும் காட்டும். மூன்றாவது, முன்னுருளியைத் தாங்கும் ஃபோர்க்கைப் பற்றி அசைத்து, அது சேசிசொடு சேருமிடத்தில் வெல்டிங் வைத்த தழும்பு உளதோ எனத் தேடினார். மூவுருளிக்கு அதுவே உயிர்நிலை. முன்னே ஒற்றை உருளையே இருத்தலின், வளைவில் பிரேக் பிடிக்குங்கால் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து வண்டி கவிழ முற்படும். அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி அவ்விடத்திலேயே முதலில் நோவும். நான்காவது, டயர்கள் ஒருபுறமாய்த் தேய்ந்துள்ளனவோ எனப் பார்த்தார். ஒருபுறத் தேய்வு, சேசிசு வளைந்தமைக்கும் அடையாளமாகலாம். ஐந்தாவது, அடித்தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓசை கேட்டார். பழவேற்காடு, எண்ணூர் முதலிய உப்புக்காற்று வீசும் இடங்களில் ஓடிய வண்டியில், வண்ணத்தின்கீழ்த் துரு மறைந்திருக்கும் என்பது அவர் கூற்று.

வண்டி இச்சோதனைகளில் ஒருவாறு தேறியது. எனினும் ஏடுகள் தேறவில்லை.

ஏடுகளின் இன்றியமையாமை

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் கடன் கொடுத்தோராகப் பதிவாகியிருந்தது. உடையவர், "டியூ எல்லாம் கட்டியாயிற்று, என்.ஓ.சி. பின்னால் வாங்கித் தருகிறேன்" என்றார். அந்நிறுவனத்தின் இசைவுச் சான்று இன்றி அப்பதிவு நீங்காது. பதிவு நீங்காத வண்டியைக் கொள்பவர் பிறருடைய கடனையும் உடன் கொள்பவரே ஆவர்.

வண்டி கைமாறிய செய்தியை, அதே மாநிலத்துள்ளாயின் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலர்க்கு அறிவித்தல் வேண்டும் என 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது. பெயர் மாற்றப்படாத வண்டியால் விபத்து நேரின், ஏட்டிற் பெயருள்ள பழைய உடையவரே பொறுப்பாளர் என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆதலின் பெயர் மாற்றம் விற்பவர்க்கும் நன்மையே.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும் நோக்கற்பாலது. எட்டாண்டுக்குட்பட்ட வாடகை வண்டிக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்மேல் ஆண்டுதோறும் இச்சான்று புதுப்பிக்கப்படல் வேண்டும். ஏழாண்டு வண்டியை வாங்குவோர், அடுத்த ஆண்டு முதல் ஆண்டுதோறும் அச்செலவையும், அதன் பொருட்டு வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களையும் எதிர்நோக்குதல் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டு வேண்டா என்பது ஓர் ஆறுதல்.

பழைய வண்டியின் ஆயுளை எஞ்சின் மட்டும் அறுதியிடுவதன்று, சட்டமும் அறுதியிடும். தில்லி மாநகரில், போரிற் படையினர் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள்களை மூவுருளியாக மாற்றிய 'பட்பட்டி' வண்டிகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடின. பழுது பார்ப்போர் திறத்தால் உயிர்வாழ்ந்த அவ்வண்டிகள், புகை மாசினைத் தடுக்கும் ஆணையால் 1998-இல் நிறுத்தப்பட்டன.

கடனின் இரு முகங்கள்

புதிய வண்டிக் கடைக்கும் சென்றோம். யாவும் உட்பட விலை 3,50,000 ரூபாய் என்றனர். கைப்பொருள் 1,50,000 முழுதுங் கொடுத்தால், எஞ்சிய 2,00,000 கடனாகும். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்பதைக் கேட்டு மாமா மகிழ்ந்தார். அவ்வட்டி எம்முறையது என யாம் வினவினோம்.

வட்டி இருவகைப்படும். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிடுவது ஒன்று. அம்முறையில் 36 மாதத் தவணை மாதம் 6,643 ரூபாயாகும். மொத்த வட்டி ஏறக்குறைய 39,000. அடைத்த தொகைக்கும் சேர்த்து, முதற்கடன் முழுதுக்கும் மூவாண்டும் வட்டி கணக்கிடும் 'பிளாட்டு' முறை மற்றொன்று. அம்முறையில் தவணை 7,556 ரூபாய். மொத்த வட்டி 72,000. இரண்டும் 'பன்னிரண்டு விழுக்காடு' என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. இடையே வேறுபாடு ஏறக்குறைய 33,000 ரூபாய். ஒரே சொல் இருபொருள் தருதலைச் செய்யுளிற் கண்டு மகிழும் யாம், கடன் ஏட்டில் அதனைக் கண்டு அஞ்சினோம்.

மூவாண்டுக் கணக்கு

நிலுவை வட்டி முறையிலேயே கடன் கிடைப்பதாகக் கொண்டு கணக்கிட்டோம். எரிபொருள், காப்பீடு, வரி ஆகியவற்றை எளிமை கருதி விடுத்தோம். வண்டி நின்றால் நாளொன்றுக்கு இழப்பு 600 ரூபாய் என்று கொண்டோம். பழுதுச் செலவும், இறுதி விலையும், நிற்கும் நாளும் பட்டறை முதியவரைக் கேட்டு யாம் கொண்ட மதிப்பேயாம். படிப்போர் தத்தம் எண்களை இட்டுப் பார்க்க.

புதிய வண்டி: முன்பணம் 1,50,000, தவணைகள் 2,39,148, மாதம் 700 வீதம் பராமரிப்பு 25,200, மாதம் அரைநாள் நிற்றலால் இழப்பு 10,800. கூட்டினால் 4,25,148. மூவாண்டின் பின் 2,00,000-க்கு விலைபோகுமாயின், நிகரச் செலவு 2,25,148.

பழைய வண்டி: விலை 1,20,000, மாதம் 2,500 வீதம் பழுதுச் செலவு 90,000, மாதம் மூன்று நாள் நிற்றலால் இழப்பு 64,800. கூட்டினால் 2,74,800. இறுதியில் 50,000-க்கு விலைபோகுமாயின், நிகரச் செலவு 2,24,800.

வேறுபாடு 348 ரூபாய்! இருமுறை கூட்டிப் பார்த்தோம், பிழையில்லை. பழைய வண்டி மாதம் இன்னும் ஒருநாள் மிகுதியாக நிற்குமாயின் 21,600 ரூபாய் கூடிப் புதியதே மலிவாகிவிடும். நன்கு பேணிய வண்டியாய் ஒருநாள் குறைவாக நிற்குமாயின் பழையதே மலிவு. எனவே, 'எது மலிவு?' என்னும் வினா, 'எத்தனை நாள் நிற்கும்?' என்னும் வினாவாய் மாறிற்று.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பழைய வண்டி கேட்கும் பணம் வண்டி ஓடும்பொழுது பெரிதும் எழுவது. ஓட்டமில்லா மாதத்திற் பழுதும் குறைவு. புதிய வண்டிக்குரிய தவணையோ, சரக்கு இருப்பினும் இல்லாவிடினும் குறித்த தேதியில் வந்து நிற்கும். 2020 மார்ச்சுத் திங்களில் நாடு முழுதும் முடக்கப்பட்டபொழுது, ரிசர்வ் வங்கி ஆகஸ்டு வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க இசைந்தது. ஆயினும் அம்மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. தொழிற்சாலைகளை நம்பி ஓடும் வண்டிக்கு, அவை உறங்கும் காலம் மீண்டும் வாராது என்று யாரே கூறவல்லார்? புதியது வாங்கின் மாமா கையில் ஒரு காசும் எஞ்சாது; பழையது வாங்கின் 30,000 எஞ்சும்.

மின்வண்டி ஒரு குறிப்பு

மின்கலத்தால் ஓடும் மூவுருளியும் இன்று உண்டு. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அம்பத்தூரிலும் அது செய்யப்படுகின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் எரிபொருள் மூவுருளிக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு, மின்வண்டிக்கு ஐந்தே. எனினும் பழைய மின்வண்டி வாங்குவோர் மின்கலத்தின் எஞ்சிய வலிமையை அறிதல் வேண்டும். ஒருமுறை முழுதும் மின்னேற்றிப் பாரத்தோடு எத்துணைத் தொலைவு ஓடுகின்றது என ஓட்டிப் பார்த்தல் நன்று.

வாடகைக்கு ஒரு மாதம்

கணக்கு இவ்வாறு சமனாய் நின்றமையின், ஐயம் தீரவில்லை. அப்பொழுது மாமாவே ஒரு வழி கண்டார். "வரும்படி எவ்வளவு என்று தெரியாமல் செலவை மட்டும் எழுதி என்ன பயன்? ஒரு மாதம் நாள்வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார். எமக்குத் தோன்றாத வழி இது. அவ்வாறே ஒருவரிடம் வண்டி எடுத்து, தண்ணீர்க் கேன், உணவுக்கூடத்துக் காய்கறி, லேத்துப் பட்டறை இரும்பு முதலியன ஏற்றினார். ஒவ்வோர் இரவும் அத்தை பள்ளிக் குறிப்பேடொன்றில் வரவு செலவு எழுதினார்.

மாத இறுதியில் அவ்வேட்டை நோக்கினோம். மூன்று வாரம் நன்றாகவே இருந்தன. நான்காம் வாரம், இரண்டு தொழிற்சாலைகள் பராமரிப்புக்காக மூடப்பட்டமையின், வாடகையும் டீசலும் போக எஞ்சியது ஒன்றுமில்லை. மூன்று வாரத்தை நோக்கின் தவணை கட்டலாம். நான்காம் வாரத்தை நோக்கின் கட்டவொண்ணாது. மாமா அந்நான்காம் வாரத்தின்மேல் விரல் வைத்து, "இது மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை வரும்" என்றார். வினா அவ்விடத்தே முடிந்தது.

திருவள்ளூர் வண்டியை, என்.ஓ.சி. கையில் வந்து, ஏட்டிற் கடன்பதிவு நீங்கிய பின்னரே விலைபேசி முடித்தார். காத்திருந்த நாள் இருபத்திரண்டு. எஞ்சிய 30,000 ரூபாய், பழுதுக்கென அஞ்சலகத்தில் தனியே இடப்பட்டது. மகளுடைய கட்டணத்துக்கு மாதந்தோறும் வேறொரு கணக்கு. நிலையான சரக்குக்கு எழுத்தால் ஒப்பந்தம் பெற்றவர், கையிற் சேமிப்பு உடையவர், வண்டி ஒருநாளும் நிற்கலாகாத தொழிலினர் ஆகியோர்க்குப் புதியதே தக்கது என்பதை யாம் மறுக்கவில்லை.

தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தைத் திருக்குறளில் நாற்பத்தேழாவதாகப் பாடங்கேட்டபொழுது, அரசர்க்குரியது என்றே எண்ணியிருந்தோம். அத்தையார் எழுதிய குறிப்பேட்டைக் கண்டபின், அது லோடு ஆட்டோ வாங்குவார்க்கும் உரியதென உணர்ந்தோம். வண்டி வாங்க எண்ணும் இல்லத்தார் உளராயின், நம் மாணவ நண்பர்கள் முதலில் ஒரு மாத வரவு செலவை எழுதச் செய்க. எழுதியபின், மிகக் குறைந்த வாரத்தை முன்வைத்துத் தவணையைப் பேசுக.