ஐப்பசி வரவும் மாசிச் செலவும்
தேவாரம் வட்டாரக் குடும்பங்களுக்குப் பண்டிகைக் கால ஆலோசனை

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கிற இந்நாட்களில், தேவாரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பணம் சற்றே தாராளமாகப் புழங்கும் என்பது யாவரும் அறிந்ததே. சாக்கலூத்து மெட்டு வழியாக நேரே மலையேற வாகனப் பாதை இல்லாமையால், விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டையோ கம்பமெட்டையோ சுற்றிக்கொண்டு இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிற நம் பெண்களுக்குக் காயெடுப்பு மும்முரமாக நடக்கும் காலம் இதுவே. கூலியும் தடையின்றி வரும், போனஸும் இதே வேளையில் கைக்குக் கிட்டும். தை கழிந்ததும் காயெடுப்பு ஒடுங்கி, மாசி முதல் வைகாசி வரை வேலை நாட்கள் அருகி, அந்த வறட்சியின் முடிவில் ஜூன் மாதப் பள்ளிக்கூடச் செலவும் வந்து நிற்பதைச் சேர்த்து எண்ணினால்தான் ஐப்பசி வருமானத்தின் மெய்யான அளவு விளங்கும். ஆதலால் தீபாவளிக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்குமுன், மாசிக்கு என்ன மிஞ்ச வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்வதே இப்போது செய்யத்தக்க முதற் காரியம்.

போனஸ் என்பது முதலாளி மனமுவந்து அளிக்கும் இனாம் அன்று. சட்ட வரம்புக்குள் வரும் தோட்டங்களில், ஆண்டில் 30 நாட்களாவது வேலை செய்த தொழிலாளிக்குக் கணக்கிடத்தக்க சம்பளத்தில் 8.33 சதவீதத்துக்குக் குறையாமலும் 20 சதவீதத்துக்கு மேற்படாமலும் அது சேர வேண்டும். வேலை நாட்களைக் குறித்து வைத்திருக்கும் சிறு நோட்டை இப்பொழுதே எடுத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிய பின் வாதிடுவது சிரமம். கைக்கு வந்த தொகையில், அடகில் இருக்கும் நகைக்கு முதல் பங்கு போகட்டும். மூக்குத்தியையும் தோட்டையும் வட்டியில் மூழ்க விட்டுவிட்டுப் புதுப் பட்டுப்புடவை உடுத்துவதில் என்ன சோபை இருக்கிறதென்று எனக்கு விளங்கியதில்லை.

சொந்தத் தோட்டம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை நாம் கண்ணாரக் கண்டோம். 2024-இன் கோடையில் மழை பொய்த்து ஏலச்செடிகள் கருகியதும் மறந்திருக்காது. இன்றைய விலையை நம்பி அடுத்த ஆண்டுப் பணத்தை இந்தத் தீபாவளிக்கே செலவழிப்பது விவேகமாகாது.

ஜவுளியைப் பண்டிகைக்கு முந்தின வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். 2023 ஜூனில் போடிக்கு அகலப்பாதை ரயில் வந்தபின் மதுரைப் பிரயாணம் சௌகரியமாகிவிட்டது உண்மையே. ஆயினும் ஐந்து பேர் புறப்பட்டுப் போய், ஓட்டலில் சாப்பிட்டு, வழியில் கண்டதையெல்லாம் வாங்கித் திரும்பினால், மதுரையில் மிச்சப்பட்ட பணம் மதுரையிலேயே கரைந்துவிடும். அளவையும் நிறத்தையும் எழுதிக்கொண்டு ஒருவரோ இருவரோ போய் வந்தால் போதும். அல்லது சின்னமனூரிலும் போடியிலும் இல்லாத ஜவுளி என்ன இருக்கிறது?

பலகார விஷயத்தில் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் ஒன்று சொல்வேன். முறுக்குக்கு மாவு அரைக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டுச் சேர்த்து, ஒரே அடுப்பில் ஒரே எண்ணெயில் இரு வீட்டுக்கும் சுட்டெடுத்துவிட்டால், எண்ணெயும் விறகும் குறையும். முறுக்கையும் சீடையையும் முதலில் சுட்டுக்கொண்டு அதிரசத்தைக் கடைசியில் போட வேண்டும். அதிரசம் போட்ட எண்ணெய் சீக்கிரம் கறுத்து மறு உபயோகத்துக்கு ஆகாமல் போய்விடும்.

பணம் போதாதபோது வட்டிக்கு வாங்கும் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐப்பசியில் வாங்கிய 10,000 ரூபாய்க்குத் தை பிறக்குமுன் 3,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். முதல் அப்படியே நிற்கும். கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்றே தடை செய்திருக்கிறது. அவசியம் நேர்ந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைத்து வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தீபாவளிச் சீட்டுக் கட்டியவர்கள், பாத்திரமும் பலகாரமும் எந்தத் தேதியில் தரப்படும் என்று இந்த வாரமே கேட்டு, கட்டிய தவணைகளை அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். பண்டிகை முடிந்த மறுவாரமே அடுத்த ஆண்டுச் சீட்டுக்கு ஆள் வருவார். பதிவுச் சான்று காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாய் முதல் தொடர் வைப்புக் கட்டலாம். அங்கே பரிசுப் பெட்டி கிடையாது, ஆனால் பணம் ஓடிப்போகாது.

தலைதீபாவளிச் சீர் செய்ய வேண்டிய பெற்றோர், சம்பந்தி வீட்டாரிடம் தொகையை முன்கூட்டியே பேசிவிடுவது உத்தமம். இதில் கூச்சம்தான் கடனுக்குக் காரணமாகிறது. அப்படியே மொய் நோட்டைப் புரட்டி, தை மாதக் கல்யாணங்களில் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறதென்று கூட்டிப் பார்த்து, அத்தொகையைத் தனியே எடுத்து வையுங்கள்.

பொங்கலுக்கு ரேஷன் கடையில் பணம் வரும் என்று சிலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள். 2021-இல் 2,500 ரூபாய் கொடுத்தார்கள்; 2022-இல் ரொக்கம் இல்லை, 21 பொருள்கள் தந்தார்கள்; 2023-இல் 1,000 ரூபாய்; 2025-இல் மறுபடியும் ரொக்கம் இல்லை. ஆகையால் பச்சரிசி, வெல்லம், கரும்பு ஆகியவற்றின் செலவை உங்கள் கைப்பணத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். அரசாங்கப் பணம் வந்தால் அதை மாசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.