ஒட்டின் வலிமை

1940ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் ஹாட்பீல்டு என்னும் ஊரில் மரத்தாலான விமானம் ஒன்று முதன்முறையாக விண்ணில் எழுந்தது. மஸ்கீட்டோ என்பது அதன் பெயர். கொசு என்பது அதன் பொருள். போர்க்காலத்தில் மரவிமானம் எதற்கு என ஐயுற்றோர் பலர். ஆயினும், அக்காலத்து விரைவு மிக்க விமானங்களுள் ஒன்றாக அது விளங்கிற்று.

அதன் உடற்பகுதியில் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகள் இரண்டனுக்கு இடையே, தக்கைபோல் இலேசான பால்சா மரம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. ரொட்டித் துண்டுகளின் நடுவே காய்கறி வைத்த பண்டத்தை ஒத்தலின், இதனைச் சாண்ட்விச் அமைப்பு என்பர்.

மெலிந்த பொருள்கள் கூடி வலிமை பெறுவது எங்ஙனம்? ஒரு புத்தகத்தை வளைத்தால், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க, அது எளிதில் வளைகிறது. அத்தாள்களையே பசையிட்டு ஒட்டிவிட்டால் பலகைபோல் விறைத்து நிற்கும். சாண்ட்விச் பலகை வளையும்போது மேல்தகடு நெருக்குண்ணும், கீழ்த்தகடு இழுபடும். அவ்விரண்டையும் விலக்கி நிறுத்தி, வழுக்காமல் காப்பதே இடைப்பொருளின் தொழில். தகடுகளின் இடைவெளி இருமடங்கானால், வளைவை எதிர்க்கும் ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். எடையோ சிறிதே கூடும்.

ஆனால், இவ்வளவும் ஒட்டு நிலைக்கும்வரைதான். மஸ்கீட்டோவுக்கு முதலில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையே பயன்பட்டது. 1944இல் இந்தியாவில் பறந்த சில மஸ்கீட்டோக்களின் சிறகுகள் வானிலேயே முறிந்தன. ஒட்டுவாய்கள் பிரிந்திருந்தமை ஆய்வில் தெரிந்தது. வெப்பமும் ஈரமும் காரணம் என்றனர் சிலர். ஒட்டிய வேலையின் குறை என்றனர் பிறர். எதுவாயினும், உயிரிழந்த விமானிகளுக்கு மரம் துரோகம் செய்யவில்லை; ஒட்டே கைவிட்டது.

இக்காலத்தில் கரி இழைத் தகடுகளும் தேன்கூடு போன்ற இடைப்பொருள்களும் வந்துவிட்டன. எனினும், தகடும் இடைப்பொருளும் கூடுமிடமே இன்றும் நோயுறும் இடம். அங்கு உள்ள எப்பாக்சிப் பிசின், கெட்டியானபின் எளிதில் விரிசல் விடும் இயல்பினது. இதனைத் திருத்தவே நானோ பொருள்கள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 1991இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா விளக்கியுரைத்த கரிமக் குழாய்கள் சில நானோமீட்டர் தடிப்பே உடையவை. பிசினில் அவை விரவியிருப்பின், விரிசல் வாய்பிளக்கும்போது, கிழிந்த துணியைத் தைத்த நூல்போல இருகரையையும் பற்றி நிற்கும். அவற்றைப் பிடுங்கி எறிந்த பின்னரே விரிசல் மேற்செல்ல இயலும்.

நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவாகச் சேர்த்தாலே பயன் கிடைக்கலாம். அப்படியாயின் மிகுதியாகச் சேர்த்தால் என்ன? அங்கேதான் இடர். இக்குழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்து, நீரில் கொட்டிய மாவைப்போலக் கட்டிகளாகும். கட்டியின் உள்ளே பிசின் புகாது. காக்க வந்ததே விரிசலின் பிறப்பிடமாய்விடும். பிசினும் குழம்பாகத் தடித்து, இழைகளின் நடுவே பாய மறுக்கும். கேளா ஒலியலைகளைச் செலுத்திக் கட்டிகளைப் பிரித்தாலும், பிசின் இறுகுமுன் அவை மீண்டும் கூடிவிடுவதுண்டு. ஆகவே ஆய்வாளர் சிலர், பிசின் முழுவதிலும் கலத்தலை விடுத்து, ஒட்டும் பரப்பில் மட்டும் அக்குழாய்களை மெல்லிய படலமாகத் தெளிக்கின்றனர்.