சோல்னாவில் இரண்டுக்கு இரண்டு

அன்புள்ள கயல்,

'ருஸ்தம்' படம் பார்த்த சூட்டோடு போனில் கேட்டாயே, "நம்ம நாட்ல ஜூரி முறையை ஏன் சித்தப்பா எடுத்தாங்க? ஜனங்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னா நல்லதுதானே?" என்று. உன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜனங்கள் உட்காரட்டும். ஆனால் அவர்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பது யார்? சட்டம் படிக்கப் போகிறவள் நீ. அதை முதலில் கேள். ஸ்வீடனை வைத்தே சொல்கிறேன்.

அங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதிக்கு அங்கி கிடையாது. சாதாரண உடையில் சட்டம் படித்த நீதிபதி ஒருவர். அவரோடு அதே மேசையில் மூன்று 'நெம்தேமன்'கள். சட்டம் படிக்காத குடிமக்கள். நம் பழைய ஜூரியைப் போல இவர்கள் தனியாக உட்காருவதில்லை. நீதிபதியோடு கூடிப் பேசி, குற்றமா இல்லையா என்பதோடு எவ்வளவு தண்டனை என்பதையும் சேர்ந்தே முடிவு செய்வார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. நீதிபதியின் ஓட்டுக்குக் கூடுதல் மதிப்பில்லை. சட்டம் தெரிந்தவர் முதலில் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், நெம்தேமன்கள் கடைசியில். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு எது இலேசோ அதுதான் தீர்ப்பு.

இவர்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நகராட்சி மன்றம் தேர்ந்தெடுக்கிறது. பெயர்களைக் கொடுப்பவை அரசியல் கட்சிகள். மன்றத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலமோ, ஏறக்குறைய அந்த விகிதத்தில் இடங்கள். பதவி ஏற்கும்போது நீதிபதிக்குரிய உறுதிமொழி எடுக்கிறார்கள். அதன்பின் கட்சியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் மனசாட்சியோடுதான் உட்காருகிறார்கள் என்று நம்புகிறேன்.

2018இல் ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னா நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மனைவியை அடித்ததாகக் கணவன்மேல் புகார். நீதிபதியும் ஒரு நெம்தேமனும் குற்றம் நிரூபணமானது என்றார்கள். மத்தியக் கட்சி அனுப்பிய மற்ற இருவரும் இல்லை என்றார்கள். கணவன் நல்ல குடும்பத்துப் பிள்ளையாகத் தெரிகிறான், மனைவி போலீசுக்குப் போகாமல் சொந்தபந்தத்திடம் சொல்லியிருக்கலாம் என்கிற தோரணையில் அவர்களுடைய காரணங்கள் இருந்தன. இரண்டுக்கு இரண்டு, அவன் விடுதலையானான். நாடே கொதித்தது. கட்சியும் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டது. அந்தக் கட்சியின் கொள்கை அதுவல்ல. யாரும் போன் போட்டு ஓட்டைத் திருப்பவும் இல்லை. பட்டியலில் பெயரைச் சேர்த்த நாளில், இவர்கள் மேசையில் என்ன பேசுவார்கள் என்று யாரும் எடைபோடவில்லை, அவ்வளவுதான்.

கட்சிச் சாயமே தீர்ப்பில் ஏறுவதும் உண்டு. அன்வர், பேயர், ஹ்யால்மார்சன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் கோதன்பர்க் நீதிமன்றத்தின் வழக்குகளைப் புரட்டினார்கள். எந்த வழக்குக்கு எந்த நெம்தேமன் என்பது அங்கே ஏறக்குறையக் குலுக்கல்தான். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. குடியேற்றத்தை எதிர்க்கும் ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் கட்சிக்காரர் ஒருவர் மேசையில் இருந்தால், அரபுப் பெயர் கொண்டவர்கள் குற்றவாளி எனத் தீர்க்கப்படுவது கணிசமாகக் கூடியது. இடதுசாரிக் கட்சிக்காரர் இருந்தால், பாதிக்கப்பட்டவர் பெண்ணாக உள்ள வழக்குகளில் குற்றவாளி எனத் தீர்ப்பது கூடியது. கயல், அந்த அரபுப் பெயர்க்காரன் நிரபராதியாக இருந்தால்? அன்று காலை யாருடைய முறை என்பது அவன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்காக நெம்தேமன்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லமாட்டேன். பஸ்ஸில் போகிறவர், ரேஷன் வரிசை அறிந்தவர் மேசையில் இருப்பது நல்லது. கட்சிப் பட்டியலை மட்டும் ஒழித்துவிட்டு, வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சட்டம் படித்தவர்களின் எண்ணிக்கையே அதிகம். மாவட்ட மேசையிலும் அந்தக் கணக்கை மாற்றலாம். கட்சிகள் இதற்கு எளிதில் இசையமாட்டா. தொண்டர்களுக்குக் கொடுக்க அவற்றுக்கு இருக்கும் கௌரவப் பதவி இது.

சோல்னா விஷயம் வெளியே வந்தது எப்படித் தெரியுமா? காரணங்கள் தீர்ப்பில் எழுத்தில் இருந்தன. நீதிபதியின் மாறுபட்ட கருத்தும் கூடவே இருந்தது. நம் பழைய ஜூரி 'குற்றவாளி அல்ல' என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஏன் என்று எழுதியதில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் 'ருஸ்தம்' கதைக்கு மூலமான நானாவதி வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் படி. ஜூரியின் முடிவை ஏன் ஏற்கவில்லை என்பதை மட்டும் குறித்துவை. பொங்கலுக்கு வரும்போது அதைப் பேசுவோம்.

அன்புடன்,
சித்தப்பா