பிளான் போடும் மென்பொருளை மாற்றப் போகிறீர்களா?

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, நெய்வேலி நகரியத்தின் வட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்த காலத்தில் வரைபடம் என்றால் டிரேசிங் தாளும் இங்க் பேனாவும்தான். ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போட்ட பிளான் தெருத்தெருவாகத் திரும்ப வந்தது. இன்று ஓய்வு பெறுகிறவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரிலோ வடலூரிலோ பண்ருட்டிப் பக்கமோ சொந்த வீடு கட்டுகிறார். ஆளுக்கொரு பிளான். போட்டுத் தருவது இரண்டு கணினி வைத்திருக்கும் சிறு அலுவலகம். ஒரே தடவை காசு கொடுத்து ஆட்டோகேட் வாங்கும் வழியை 2016இல் ஆட்டோடெஸ்க் மூடிவிட்டது, அன்றிலிருந்து சந்தாதான். புதுப்பிக்கும் மாதம் வந்தால் "வேறு எதற்காவது மாறிடலாமா?" என்ற பேச்சும் வருகிறது. கூடவே சில நம்பிக்கைகளும்.

நம்பிக்கை: டிடபிள்யூஜி கோப்பை எந்த மென்பொருளும் அப்படியே திறக்கும்.

கோடுகள் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆட்டோகேட் சேமிக்கும் டிடபிள்யூஜியின் உள்ளமைப்பு ஆட்டோடெஸ்கின் சொத்து. 1998இல் தொடங்கிய ஓப்பன் டிசைன் அலையன்ஸ் அதைப் பிரித்துப் படித்து எழுதிய நிரல்களை நம்பித்தான் போட்டி மென்பொருள்கள் பலவும் ஓடுகின்றன. சுவர், தூண், அளவுக்கோடு சரியாக வரும். இழுத்தால் அகலம் மாறும் டைனமிக் பிளாக்கும், எந்த நிறக் கோடு எவ்வளவு தடிமன் என்று சொல்லும் பிளாட் ஸ்டைலும்தான் இடறும். பழைய டிராயிங்கில் 'சமையலறை' என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். (இதற்குப் புதிய மென்பொருளைத் திட்ட வேண்டாம், ஆட்டோகேடிலும் இதே கதிதான்.)

விற்பனையாளர் காட்டும் மாதிரிக் கோப்பு எப்போதும் அழகாகத்தான் திறக்கும். நீங்கள் கட்டி முடித்த ஒரு வீட்டின் கோப்பை எடுங்கள். பழையதிலும் புதியதிலும் ஒரே ஸ்கேலில் பிரிண்ட் போட்டு, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் எழுதி வைத்த லிஸ்ப் நிரல்களும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். போட்டி மென்பொருள்களில் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் இரண்டும் நிரந்தர உரிமமும் விற்கின்றன. இந்தச் சோதனையில் தேறினால் சிறு அலுவலகத்துக்கு அவை போதும் என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: 3டி எலிவேஷன் ஜோராக வந்தால் அதுதான் நல்ல மென்பொருள்.

வீட்டுக்காரருக்கு அப்படித் தோன்றலாம். ஸ்கெட்ச்அப் அதில் கெட்டி, கற்பதும் எளிது. ஆனால் மனையில் மார்க்கிங் போடும்போது மேஸ்திரி பார்ப்பது சென்டர் லைன் டிராயிங்கை. தூணுக்குத் தூண் எத்தனை அடி, லிண்டல் எந்த மட்டம், மாடிக்கு எத்தனை படி, சன்ஷேடு எவ்வளவு நீளும்: இதெல்லாம் தாளில் தெளிவாக இல்லையென்றால் அன்று முழுக்க உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கை: ரெவிட்டுக்கு மாறினால்தான் முன்னேற்றம்.

ரெவிட்டும் ஆட்டோடெஸ்கின் மென்பொருள்தான், ஆனால் ஆட்டோகேடின் அடுத்த படி அல்ல, வேலை செய்யும் முறையே வேறு. அதில் கோடு போடுவதில்லை, சுவர் கட்டுகிறோம். பிளானில் ஒரு ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷன், செக்‌ஷன், ஜன்னல் பட்டியல் எல்லாம் தானே மாறும். மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ அது பெரிய லாபம். 1,200 சதுர அடி வீட்டுக்கு, உங்களுக்கான டெம்ப்ளேட்டும் கதவு ஜன்னல் நூலகமும் தயாராகும்வரை நஷ்டம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, பழைய பதிப்புக்கு மாற்றிச் சேமிக்கவும் வழியில்லை. உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சென்ற ஆண்டுப் பதிப்போடு நின்றிருந்தால் இருவருக்கும் தலைவலி.

பெரிய நிறுவனங்கள் நிம்மதியாக இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் ஸாஹா ஹடீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் நிறுவனங்கள், விலை ஏறுகிறது, ரெவிட் வளரவில்லை என்று ஆட்டோடெஸ்க் தலைமைக்கே பகிரங்கக் கடிதம் எழுதின.

நம்பிக்கை: ஐஎஃப்சி இருக்கும்போது எதிலிருந்தும் எதற்கும் தாவலாம்.

ஐஎஃப்சி 2013இல் ஐஎஸ்ஓ 16739 ஆன பொது வடிவம். சுவரைச் சுவராக, கதவைக் கதவாகவே கொண்டுபோகும். அவற்றை மாற்றி அமைக்கும் விதிகள் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். இன்ஜினியர் பார்த்துச் சரிபார்க்க நல்லது. அதில் தொடர்ந்து வரையலாம் என்று எண்ணாதீர்கள்.

நம்பிக்கை: இலவச மென்பொருளுக்குச் செலவில்லை.

லிப்ரேகேட் 2டி வேலைக்கு மட்டும், அதுவும் டிஎக்ஸ்எஃப் வடிவத்தில். ஃப்ரீகேட் 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பைத் தொட்டது. பழகும் வாரங்களின் சம்பளத்தைக் கணக்கில் சேருங்கள். மாணவர் உரிமத்தில் காசுக்கு வேலை செய்வது விதிமீறல். கிராக் போட்ட நகலைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

நம்பிக்கை: சந்தா முடிந்தால் பழைய டிராயிங் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

டிடபிள்யூஜிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆட்டோடெஸ்கே இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூவில் திறக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், பழைய பதிப்புக்கு மாற்றவும் செய்யலாம், திருத்தத்தான் முடியாது. ரெவிட் கோப்புகளைச் சந்தா முடிவதற்குள் பிடிஎஃப், டிடபிள்யூஜி, ஐஎஃப்சி மூன்றிலும் எடுத்து வையுங்கள். பாதி கட்டிய வீடுகள் முடியும்வரை பழைய உரிமம் ஒன்றாவது உயிரோடு இருக்கட்டும்.