படிக்க இயலாத தட்டும் மீட்கப்பட்ட ஓவியங்களும்

கணிப்பொறியில் ஆக்கியவற்றைச் சேமிக்க ஒரு காலத்தில் நெகிழ்தட்டு எனப்படும் பிளாப்பி பயன்பட்டது. பழைய தட்டு ஒன்றை இயக்கியில் இட்டு, ‘படிக்க இயலவில்லை’ என்ற செய்தி வந்தவுடன் அதனை எறிந்துவிடுவோர் பலர். படிக்க இயலாதது வேறு; அழிந்துபோனது வேறு. இவ்வேறுபாட்டை ஓர் உண்மை நிகழ்ச்சியின் வழியே காண்போம்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985ஆம் ஆண்டில் அமிகா 1000 என்னும் கணிப்பொறியில் படங்கள் வரைந்தார். 1987இல் அவர் மறைந்தார். அவருடைய தட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் பேணப்பட்டன. ஆயினும் அவற்றுள் இருந்தவற்றை எவரும் காணவில்லை. அந்நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிப்பொறி மன்றத்தினர் மீட்புப் பணியை மேற்கொண்டனர். இத்தகைய பணியில் தடைகள் மூன்று.

முதலாவது, தட்டின் நலிவு. நெகிழ்தட்டு என்பது காந்தத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். காந்தத் திசை மாறும் இடங்களே அதன் எழுத்துகள். நாளடைவில் துகளைப் பிடித்திருக்கும் பசை நலிந்தால், படிக்கும் முனை உரசும்போதே பூச்சு பெயர்ந்துவிடும். ஆகவே, படிக்க முயல்வதே ஆபத்தாகலாம்.

இரண்டாவது, எழுதிய முறை. அமிகா, தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள், தடத்துக்கு 11 பகுதிகள், பகுதிக்கு 512 பைட்டுகள் என எழுதியது. மொத்தம் 880 கிலோபைட்டு. அதே வகைத் தட்டில் ஐ.பி.எம். இனக் கணிப்பொறி தடத்துக்கு 9 பகுதிகளே எழுதியது. மொத்தம் 720 கிலோபைட்டு. ஒன்றின் எழுத்து மற்றொன்றுக்குப் புரியாது. எனவே மன்றத்தினர் கிரையோஃபிளக்ஸ் என்னும் கருவியைக் கையாண்டனர். அது பொருள் காண முற்படாமல், காந்தத் திசை மாறும் கால இடைவெளிகளை அப்படியே பதிவு செய்கிறது. ஆராய்ச்சி பின்னர் அந்நகலின்மீது நடைபெறும். மூலத்தை மீண்டும் மீண்டும் சுழற்ற வேண்டுவதில்லை.

மூன்றாவது, கோப்பின் வடிவம். கோப்புகள் கிடைத்தும் படங்கள் தோன்றவில்லை. அவை அறியப்படாத வடிவத்தில் இருந்தன. மன்றத்தினர் கோப்புகளை ஆராய்ந்து அவ்வடிவத்தைத் தாமே கண்டறிந்தனர். 2014 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. கிடைத்த 28 படங்களுள் 11இல் ஓவியரின் கையொப்பம் இருந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதிகள் சில:

1. மூன்றரை அங்குலத் தட்டாயின், மூலையிலுள்ள எழுத்துத் தடுப்புத் துளையை முதலில் திறந்து வைக்க வேண்டும். பின்னர் அதன்மேல் எதுவும் எழுதப்படாது.

2. பூஞ்சணம் படிந்த தட்டைத் தூய்மை செய்யாமல் இயக்கியில் இடலாகாது. தட்டு கெடுவதோடு, அடுத்து இடும் தட்டுக்கும் கேடு நேரும்.

3. ‘தட்டைப் புதிதாக வடிவமைக்கவா?’ என்று கணிப்பொறி கேட்டால் ஒருபோதும் இசையலாகாது.

4. முதலில் முழுத் தட்டுக்கும் நகல் எடுத்து, எல்லா முயற்சியையும் நகலின்மீதே செய்ய வேண்டும்.

வார்ஹாலின் தட்டுகள் பிழைத்தமைக்கு முதற்காரணம், படிக்க வழியில்லாத காலத்திலும் அவற்றை எவரும் எறியாமல் வைத்திருந்ததேயாகும். ஆய்வேடோ, கணக்கோ, கடிதமோ அடங்கிய பழந்தட்டு நம்மிடம் இருப்பின், அதற்கும் இதே பொறுமை உரியதாகும்.