எல்லை தாண்டும் ஆற்றுக்கு எந்த ஒப்பந்தம்?

பல நாடுகளில் ஓடும் ஆற்றுக்கு உடன்பாடு காண நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன: ஆறுகளையே பிரித்துக்கொள்வது, நீரை அளந்து பங்கிடுவது, கலந்து பேசும் முறையை மட்டும் வகுப்பது, அணைகளைப் பொதுச் சொத்தாக்குவது.

நம்பிக்கை இல்லாத அண்டை நாடுகளுக்கு முதல் வழி பொருந்தும். 1960இன் சிந்து நீர் ஒப்பந்தம் ராவி, பியாஸ், சட்லெஜ் ஆறுகளை இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆறுகளைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கியது. 1965, 1971 போர்களிலும் குலையாத அதை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. பிரித்துக்கொள்ளத் தோதாகக் கிளையாறுகள் இல்லாத படுகையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அங்கே அளவுப் பங்கீடுதான். இந்தியாவும் பங்களாதேஷும் செய்த 1996இன் கங்கை ஒப்பந்தப்படி ஜனவரி முதல் மே வரை ஃபராக்கா தடுப்பணையில் பத்து நாளுக்கொரு கணக்கு. வினாடிக்கு 70,000 கன அடி வரை வந்தால் ஆளுக்குப் பாதி. 72,000 வந்தால் பங்களாதேஷுக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000ஐத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மிச்சமெல்லாம் பங்களாதேஷுக்கு. வரத்து 50,000க்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே பேச வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதற்கு எண் கிடையாது. பஞ்ச காலத்தில்தான் எண் தேவை என்பதால் இது பெரிய ஓட்டை. வரத்து குறைந்தால் கழிமுகத்தில் உப்புநீர் ஏறுவதையும் இந்த அட்டவணை கணக்கில் கொள்வதில்லை.

மூன்றாவது வழி தனியாக நின்றால் பலவீனமானது. 1995இன் மேகாங் உடன்படிக்கைப்படி லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகியவை முதன்மை ஆற்றில் அணை கட்டுமுன் மற்றவர்களைக் கலந்து பேச வேண்டும். தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கம்போடியாவும் வியட்நாமும் ஆட்சேபித்தும் லாவோஸின் சயாபுரி அணை 2019இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் சீனா உறுப்பினரே அல்ல.

நான்காவது வழிக்கு எடுத்துக்காட்டு செனகல் ஆறு: மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972இல் செனகல் ஆற்று அமைப்பை நிறுவி, பின்னர் அணைகளைக் கூட்டு உடைமை ஆக்கின. மாலியிலுள்ள மனந்தாலி அணை நீரைத் தேக்குகிறது. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள தியாமா அணை கடல்நீரைத் தடுத்து நெல் வயலைக் காக்கிறது. ஆனால் தேங்கிய நன்னீரில் நத்தை பெருகி, அதன் மூலம் பில்ஹார்சியா நோய் கரையோர ஊர்களில் பரவியது. நோய்க் கண்காணிப்பையும் உடன்பாட்டிலேயே சேர்ப்பது நல்லது.

அணை இன்னும் எழாத படுகைக்குச் செனகல் வழியே சிறந்தது. எழுந்துவிட்ட இடத்தில் அளவுப் பங்கீட்டையே எடுக்கலாம். பஞ்ச கால அளவையும் மறுஆய்வு ஆண்டையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். கங்கை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதைச் செய்யலாம்: அது 30 ஆண்டுகளுக்கானது. அதன் காலம் 2026 டிசம்பர் வரை.